லிப்டில் அழுத நடிகை

ஏழு மாடிக் கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாக லிப்ட் ஓட்டுகிறவரை யார் மதிக்கிறார்கள்? ஏறுகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்வார்கள், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், இறங்கிப் போவார்கள். யாரோ ஒரு குறும்புக்காரன் அவருக்கு 'மேலேகீழே' என்று பெயர் வைத்துவிட்டான். இடுப்பில் தொங்கும் பெரிய சாவிக்கொத்தின் சத்தம் ஆளுக்கு முன்னால் வந்து சேரும். அந்தச் சத்தத்தைக் கேட்டே, "மேலேகீழே வர்றாரு" என்பார்கள்.

அவர் வாழ்க்கையில் வெளிச்சம் அடித்தது ஒரே ஒரு நாள்தான். ஆறாம் மாடிப் பல் டாக்டரைப் பார்க்க ஒரு பெரிய நடிகை வந்தாள். இறங்கும்போது வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பல்லைப் பிடுங்கினால் யார்தான் அழமாட்டார்கள்? எதிர்த்த டீக்கடையில் இவர் சொன்னதெல்லாம் உண்மை. பல் டாக்டரை மட்டும் விட்டுவிட்டார். அதையும் சொன்னால் கதையில் என்ன மிஞ்சும்?

கெட்ட நேரம், அதற்குப் பிறகு அவள் படம் ஒன்றுகூட வரவில்லை. கதைக்குக் கண் காது மூக்கு முளைத்தது. ஏழாம் மாடியில் அவளுக்கு ஒரு காதலன் இருந்தானாம். கரண்ட் போனபோது லிப்டிலேயே மூச்சு முட்டிச் செத்தாளாம். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம். 'மின்சாரம் நின்றால் பயப்படாமல் கதவை மூன்று முறை தட்டவும்' என்று லிப்டுக்குள் இவர் கைப்பட எழுதி ஒட்டிய அட்டை இருந்தது. அதையும் கதை விடவில்லை. செத்த பிறகும் அவள் மூன்று முறை தட்டுகிறாளாம், அப்புறம் விசும்புகிறாளாம்.

"அண்ணே, நெசமா?" என்று கேட்பார்கள். இவர் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை. கூரையைப் பார்த்து ஒரு 'ப்ச்' போடுவார். அந்தப் 'ப்ச்'சுக்கு ஒரு டீ வரும்.

கண்டித்தவள் மனைவி மட்டும்தான். அதே கட்டடத்தில் மாடி மாடியாகத் தரை துடைக்கிறவள், இழுப்பு நோய்க்காரி. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும்.

"ஒரு பொம்பளைய உயிரோட கொன்னுட்டு டீ குடிக்கிறீங்களே, தொண்டையில இறங்குதா?"

"நான் எங்க கொன்னேன்? ஊர் வாய மூட உலைமூடி உண்டா?"

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், இவர் யாரென்று தெரியாமல், அதே கதையை இவருக்கே சொன்னார். கதவின் உள்பக்கம் அவள் நகக் கீறல் இருக்கிறதாம். இவர் வாயைப் பிளந்து கேட்டார். மறுநாள் காலியான லிப்டில் கதவைத் தடவிப் பார்த்தார். ஏதோ கீறல் இருக்கத்தான் செய்தது. அதிலிருந்து தனியாக ஏறும்போது முதுகு சில்லிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்கள் எல்லாம் பூட்டு. மனைவி வேலையை முடித்துக்கொண்டு மத்தியானமே போய்விட்டாள். போவதை இவரே பார்த்தார். தண்ணீர் மோட்டார் போட நிலவறைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போனது. கரண்ட் போனால் ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் கதவில் காது வைத்துக் கேட்பது அவர் வேலை. யாருமில்லை என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் படியேறினார்.

நாலாம் மாடியில், தலைக்கு மேலிருந்து, தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"யாரு உள்ள?"

மறுபடி மூன்று, இந்தத் தடவை மெதுவாக. அதன்பின் விசும்பல்.

உச்சி அறையில் கைச்சக்கரம் இருக்கிறது. சுற்றினால் ஐந்தே நிமிஷத்தில் லிப்டைக் கதவுக்கு நேராகக் கொண்டுவரலாம். எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறார். அந்த அறைச் சாவியைக் கையில் எடுத்தும்விட்டார். ஆனால் கால்கள் கீழ்நோக்கி ஓடின.

"என் காதால கேட்டேன்யா! மூணு தட்டு, அப்புறம் அழுகை!" டீக்கடையில் கூட்டம் கூடியது. இந்தத் தடவை 'ப்ச்' இல்லை, முழுக்கதை. ஒருவர் கேட்டார், "பேர் சொல்லிக் கூப்பிட்டாளாண்ணே?" "ஆமாய்யா, கூப்பிட்டா" என்றார் இவர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. இருபது நிமிஷம் சொன்னார்.

கரண்ட் வந்ததும் பத்துப் பேர் துணைக்கு வந்தார்கள். பொத்தானை அழுத்தினார். லிப்ட் இறங்கி வந்து நின்றது.

தரையில் சரிந்து கிடந்தாள் மனைவி. உதடு நீலம் பாரித்திருந்தது. தட்டுவதற்குக் கழற்றிய செருப்பு கையிலேயே இருந்தது. ஆறாம் மாடி ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்த பம்ப்பை எடுக்க, இவர் நிலவறையில் இருந்தபோது திரும்பி வந்து லிப்டில் ஏறியிருக்கிறாள். இவர் கேட்ட விசும்பல் அவள் இழுப்பு. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இழுப்பு.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடைக்காரர் மனைவி பார்க்க வந்தவள் நலம் விசாரிப்பதற்கு முன்பே கட்டிலோரம் குனிந்தாள். "அக்கா, உள்ள என்ன கேட்டுச்சு?"

மனைவி இவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாவிச் சத்தம். கிட்ட வந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் ஓடிப் போயிருச்சு."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. ஒரு வாரத்தில் லிப்டில் ஏறிய புது ஆள் இவருக்கே புத்தி சொன்னான். "அண்ணே, இந்தக் கட்டடத்துல சாவி கிலுங்குனா திரும்பிப் பாக்கக் கூடாதாம். பாத்தா மூச்சு நின்னுருமாம்."

மனைவி வேலைக்குத் திரும்பினாள். இப்போது வாளியோடு படியில்தான் ஏறுகிறாள். மாடிக்கு மாடி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். முதல் நாள் இவர் நாலாம் மாடியில் லிப்டை நிறுத்தி, கதவைத் திறந்து, படிக்கட்டுக்கு ஓடினார்.

"ஏறிக்கம்மா. நான் இருக்கேன்ல."

அவள் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை.

"சாவிச் சத்தம் கேட்டாத் திரும்பிப் பாக்கக் கூடாதாங்க. ஊரே சொல்லுது," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.