முதுகில் இருந்த அழுகை

தையல் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மெத்தைக் கட்டில், நீலத் திரை, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் எண்ணெய்ப் புட்டி. அங்கே உடம்பு பிடித்துவிடுகிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கைராசிக்காரி. வாயும் கைக்குச் சளைத்ததில்லை. "மனசு விழுங்கினதையெல்லாம் உடம்பு முதுகுலதான் ஒளிச்சு வைக்கும்" என்பாள். குப்புறப் படுத்தவர்கள் விசும்ப ஆரம்பித்துவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது, நோய் இறங்குகிறதாம். அழாமல் எழுந்து போகிறவர்களைக் கண்டால் முகம் சுண்டிப்போகும்.

அவளுடைய தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போன சமயத்தில்தான் தங்கைக்கு நடுமுதுகில் வலி வந்தது. கைராசிக்காரி விரல் வைத்ததுமே அவள் ஓவென்று அழுதாள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"இது வலி இல்லடி, அந்தப் பாவி பண்ணின வேலை. அழு, வெளியில வரட்டும்."

வாராவாரம் அழுதாள். எழுந்திருக்கும்போது முகம் தெளிந்திருக்கும். வலி மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. "ஸ்கேன் எடுத்துப் பாக்கட்டுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "துக்கம் ஸ்கேன்ல தெரியுமாடி?" என்று இவள் சிரித்தாள். தங்கையும் சேர்ந்து சிரித்தாள்.

கால் மரத்துக் கீழே விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதுகெலும்பில் புற்றுநோய், ஈரல்வரை பரவியிருந்தது.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

கைராசிக்காரி வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "வலியே இல்ல டாக்டர். போன வாரம்தான் ஆரம்பிச்சுது."

அதற்குப் பதில் தன்னைச் செருப்பால் நாலு அடித்திருக்கலாம் என்றிருந்தது கைராசிக்காரிக்கு.

இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. கைராசிக்காரி தங்கையின் வீட்டிலேயே இருக்கிறாள். உடம்பைத் துடைத்துவிடுகிறாள், திருப்பிப் படுக்க வைக்கிறாள். அழுத்திப் பிடிக்கவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. பிழைப்பாள் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் முதுகைத் தேடிப் போகும். பாதியில் சுரீரென்று நினைவு வந்து நின்றுவிடும்.

நேற்று மத்தியானம் தங்கையே அந்தக் கையை இழுத்துத் தன் முதுகின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லல. நடுவுல கொஞ்ச நாள் எனக்கு அழுகையே வரல. அழலன்னா உன் முகம் சுண்டிப்போயிடும்ல, அதான் சும்மா அழுதேன்."

கைராசிக்காரி மறு கையால் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நெஜமா அழுதிருந்தா இறங்கியிருக்குமோக்கா?"

"இல்லடி கண்ணு" என்றாள். கையை அழுத்தாமல் அங்கேயே வைத்திருந்தாள்.