ஏலத்துக்கு முந்தின ஞாயிறு

சொந்த வாசல் இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்கள் நம் சபையில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகவே வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறோம். போன வருடம் பிப்ரவரியில், ஒன்பதாவது வீட்டின் ஓனரும் வந்து நின்றார். வரிசை வீடுகளை எல்லாம் கம்பெனி ஹாஸ்டலாக விடப் போகிறாராம். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "அடுத்த ஊட்லயாவது செவுத்துல ஆணி அடிக்க உடுவாங்களா அம்மா" என்று கேட்டாள். அன்று நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பகுதியில் வீடு, மனை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் பழனிச்சாமி அண்ணன். அவர்தான் அவிநாசிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டைக் காட்டினார். கடன் கட்ட முடியாமல் போனதால் வங்கி எடுத்துக்கொண்ட வீடு. இரண்டு முறை ஏலம் விட்டும் யாரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்து மூன்றாவது முறை விடப் போகிறார்கள். வங்கிக்காரர்கள் திறந்து காட்டிய அன்று அவரே கூட வந்தார். துணியில் பிரிந்த தையலைத் தேடியே பழகிய கண் எனக்கு. சுவர் சுவராகப் பார்த்தேன், ஒரு விரிசல் கூட அகப்படவில்லை. பின்பக்கம் இருந்த சமையலறையில் நின்றபோது அடுப்பை எங்கே வைப்பது என்று கூட யோசித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குறுக்குப் புத்தி வந்தது. ஏலம் ஆன்லைனில்தானே, விவரமெல்லாம் வங்கி விளம்பரத்திலேயே இருக்கிறதே, இவருக்கு எதற்குக் கமிஷன் என்று நினைத்தேன். அந்த வீடு வேண்டாம் என்று அவரிடம் போனில் பொய் சொன்னேன். பிறகு நாங்களே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முன்பணம் கட்டிப் பதிந்தோம். வீட்டுக்காரருக்கு இதில் மனசே இல்லை. நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

ஏலம் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த வீட்டை எங்களுக்குத் தாரும்" என்று கேட்டேன். கண்ணை மூடினால் வீடு தெரியவில்லை. பழனிச்சாமி அண்ணன் முகம்தான் தெரிந்தது. திரும்பக் கேட்டேன், திரும்பவும் அதே முகம். ஆராதனை முடியும்வரை என்னால் இருக்க முடியவில்லை. வெளியே வந்து அவருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"தெரியுமுங்க அம்மிணி. பிரவுசிங் சென்டர்காரரே சொல்லிட்டாருங்க. உங்களைக் கூப்பிடறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா நானே ரோசனை பண்ணிட்டு இருந்தனுங்க" என்றார். "காயிதத்துல அந்த எடத்தோட நீளம் நாப்பது அடிதானுங்க. நான் டேப் புடிச்சுப் பார்த்தேன். ஊடு அம்பத்தெட்டு அடி நிக்குதுங்க."

மறுநாள் பத்திர நகலோடு வந்து விளக்கினார். சமையலறையும் குளியலறையும் நிற்கும் பின்பக்க இடத்தை, கடனில் அந்த வீட்டை இழந்த பழைய சொந்தக்காரர் சரஸ்வதி அம்மா பிற்பாடு தனியாக வாங்கியிருக்கிறார். அது அடமானத்தில் இல்லை. அதனால் வங்கி விற்பது முன்பாதியை மட்டும்தான். விளம்பரத்தில் அளவு சரியாகவே போட்டிருந்தது. படித்தும் எனக்குத்தான் புரியவில்லை. ஏலம் எடுத்தால் அடுப்பு வைக்க இடமில்லாத வீடு, எடுக்காவிட்டால் பத்தாவது வாடகை வீடு. அந்த அம்மாவை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்றார் அண்ணன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் இருவரும் அண்ணனுமாக அவிநாசிக்குப் போனோம். சிறிய தையல் யூனிட் வைத்து நொடித்துப்போனவர் அந்த அம்மா, இப்போது வாடகைக்கு இருக்கிறார். வீட்டை இழந்தவர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று நான் வீட்டுக்காரர் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பழனிச்சாமி அண்ணன்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

சரஸ்வதி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனையோ பேரு ஊட்டைப் பார்த்துட்டுப் போனாங்க கண்ணு. என்னை வந்து பார்த்தது நீங்க மட்டும்தான்" என்றார். "எடுக்கறவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கோணும், அப்படி வந்தா பின்னாடி எடத்தை மனசாரக் குடுத்தர்றேன்னு வெள்ளிக்கெழமை தவறாம அம்மன்கிட்டச் சொல்லிட்டு இருந்தேன். முந்தாநேத்தும் சொன்னேன்."

முந்தாநேற்று என்றால் நான் முழங்காலில் இருந்த அதே வெள்ளிக்கிழமை. அவர் கும்பிட்டது அவருடைய அம்மனை, நான் கூப்பிட்டது இயேசுவை. இதை எப்படி விளக்குவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நினைத்தாலே பயமும் நன்றியும் சேர்ந்து வருகிறது.

பின்பக்க இடத்தை நியாயமான விலைக்குத் தருவதாக அந்த அம்மா அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை ஏலத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. வீடு வாங்க நாங்கள் முன்பே கேட்டு ஒப்புதலாகியிருந்த கடனும் தடையில்லாமல் வந்தது. ஜூன் மாதம் பாஸ்டர் வந்து ஜெபித்து, நாங்கள் குடியேறினோம். சரஸ்வதி அம்மாவும் வந்து எங்களோடு சாப்பிட்டார். கமிஷனைப் பழனிச்சாமி அண்ணன் கையில் கொடுத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து, வேண்டியதைக் கேட்டுவிட்டு உடனே எழுந்துபோகிற பழக்கத்தை விட்டுவிட்டேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் பதில் தருவார். ஆனால் ஆமென் சொன்ன பிறகு கொஞ்சம் காத்திருங்கள். யாருடைய முகத்தைக் காட்டுகிறாரோ அவரிடம் எழுந்து போங்கள். அது நீங்கள் ஏமாற்றப் பார்த்த ஆளாகவே இருந்தாலும் போங்கள்.