செப்டிக்குக்குக் காப்பி இலை

என் ஆராய்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நாலு வருடமாக அதில்தான் உழல்கிறேன், இன்னும் ஒரு வரியில் சொல்ல வராது. காப்பி இலையில் காஃபின் இருக்கிறது, அதன் பங்காளிகள் இன்னும் சில இருக்கின்றன. அந்தக் குடும்பத்துக்கே சாந்தைன் என்று பெயர். தொற்று முற்றி, இரத்தத்தில் பரவி, இரத்த அழுத்தம் சரிந்து ஆள் சாகக் கிடக்கும் நிலையை செப்டிக் ஷாக் என்பார்கள். அப்போது உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும். அந்த வெறியைச் சாந்தைன்களால் கொஞ்சம் அடக்க முடியுமா என்று ஆய்வகத்தில் தட்டில் வளரும் செல்களிடம் கேட்கிறேன். அவை ஒரு மாதம் ஆமாம் என்கின்றன, அடுத்த மாதம் இல்லை என்கின்றன. என் வழிகாட்டிக்கு “மறுபடி செய்யுங்கள்” என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

இலைக்காக மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போய்வருவேன். பாதி தூரம் பஸ், அப்புறம் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடை. அங்கே ஒரு கணவன் மனைவி, சாமைக் கொல்லைக்கு மேலே மர நிழலில் கொஞ்சம் காப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். எதற்குப் பறிக்கிறோம் என்று விளக்கி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் இலையில் கை வைக்கலாம் என்பது எங்கள் கல்லூரி விதி.

முதல் நாள் விளக்கினேன். “செப்டிக் ஷாக்குக்கு மருந்து கிடைக்குமான்னு பாக்குறோம் அண்ணா.”

அவர் யோசித்தார். “செப்டிக் டேங்க்ல எறங்கறப்ப கரண்ட் ஷாக் அடிச்சா குடுக்கறதுங்களா?”

“டேங்க்ல இன்னாத்துக்குயா கரண்ட் வருது?” என்று அவர் மனைவி சிரித்தார்.

எனக்குச் சிரிக்க நேரமில்லை. கீழே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “ஷாக்கை விடுங்க. புண்ணு செப்டிக் ஆவுது இல்ல, அதுக்கு இந்த இலைலேர்ந்து மருந்து வருமான்னு பாக்குறோம்” என்றேன். இருவருக்கும் சட்டென்று புரிந்தது. புண்ணில் சீழ் வைத்தாலே செப்டிக் ஆகிவிட்டது என்பதுதானே நம் எல்லார் வீட்டுப் பேச்சும். எளிமையாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. பை நிறைய இலையோடு இறங்கினேன்.

அடுத்து களை வெட்டும் சமயத்தில் போனேன். அவர் வாசலுக்கே ஓடி வந்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். வூட்டுக்காரம்மாவுக்குக் கால்ல களைக்கொத்து பட்டுடுச்சி. அஞ்சு நாளா உங்க மருந்ததான் அரைச்சி கட்டறேன், கஷாயமும் குடுக்கறேன். கொறைய மாட்டேங்குது. அளவு எதனா தப்பா போடறேனா?”

உள்ளே அந்த அக்கா பாயில் கிடந்தார். பாதம் முழுக்கப் பச்சையாக இலை விழுது. முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது. மூச்சு வேகமாக ஓடியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. செப்டிக் ஷாக் பற்றி நூற்றுக்கணக்கான பக்கம் படித்த நான், அப்படி ஒருவரை நேரில் பார்த்தது அன்றுதான்.

“ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை?” என்று கத்தினேன்.

“போவலாம்னுதான் இருந்தேன். மருந்து கொல்லைலயே இருக்கறப்ப எதுக்கு எறங்கணும்னு உட்டுட்டேன். நீங்கதான மேடம் சொன்னீங்க?”

அவர் மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை. வருமா என்று பார்க்கிறோம் என்றுதான் சொன்னேன் என்று வாதாடலாம். கீழே ஹாரன் அடிக்கும்போது அந்த ‘வருமா’வை யார் காதில் வாங்குவார்கள்? என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தோம். இன்னும் இரண்டு ஆள் ஏறட்டும் என்று நின்ற ஜீப்காரரிடம் தொண்டை கிழியச் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். “மேடம் சொன்ன மருந்துங்க” என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

“நீங்க டாக்டரா?”

“இல்லை. ஆராய்ச்சி பண்றேன்.”

“எதுல?”

“செப்டிக் ஷாக்ல.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் கால் பக்கம் திரும்பி இலை விழுதைக் கழுவ ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு கால்விரலை எடுத்தார்கள். சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றி ஏறின. அக்கா பிழைத்துக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய பிறகு மன்னிப்புக் கேட்க மேலே போனேன். வழியில் நாலைந்து கூரைகளில் காப்பி இலை காய்ந்துகொண்டிருந்தது. முன்பு ஒரு கூரையிலும் அதைப் பார்த்ததில்லை.

“அக்கா, உங்களக் காப்பாத்தினது ஆஸ்பத்திரி ஊசி. இந்த இலை இல்ல.”

“ஊசியெல்லாம் அஞ்சு நாள் கழிச்சிதான மேடம். அது வரைக்கும் உசுரப் புடிச்சி வச்சது இன்னா?”

இல்லை என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். என் தட்டுகள் இன்னும் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு பதில் கேட்டபோது நாலு வருடத்து வேலை கையை விரித்தது. ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். “புண்ணு வீங்கி, காய்ச்சல் வந்துச்சுன்னா, மொதல்ல ஜீப்புல ஏறுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்கக்கா.”

“அழாதீங்க மேடம்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். “சொல்றேன். எலைய ஒரு டம்ளர் குடிச்சிட்டு ஏறச் சொல்றேன்.”