'ஆதரவற்ற' என்ற சொல்லோடு சண்டை போட்ட என் தம்பி

தம்பி நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் அச்சடிப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தபோது, "அத்தை, அப்பாவைச் சின்ன வயசுலேருந்து தெரிஞ்சவங்க நீங்கதான், நீங்களே எழுதுங்க" என்று தம்பி மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். எழுத்துப் பிழைகளைத் திருத்தியது அவள். மற்ற பிழைகள் என்னுடையவை. பிறந்த நாள் முதல் நான் வாடா போடா என்று கூப்பிட்டவரைத்தான் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நடுவீட்டில் மாலை போட்டு வைத்திருப்பவரை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. படத்துக்குள் இருந்து அவர் சிரிப்பார். சிரித்துக்கொள்ளட்டும்.

பெரம்பலூருக்குத் தெற்கே, பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் கூலி வேலை செய்து மூன்று காணி நிலம் வாங்கினார்கள். வாங்கிய சில வருஷத்தில் அப்பா காலமானார். தம்பி புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஏர் பிடிக்கப் போனார். பிறகு அந்தப் பையை எடுக்கவே இல்லை. என்னை விக்கிரமங்கலத்தில் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். மீசை முளைக்காத பிள்ளை சம்பந்தம் பேச வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார், "பெரியவங்க யாரும் வரலையா?" என்று கேட்டார்களாம். "நான்தாங்க பெரியவன்" என்றாராம் இவர்.

கல்யாணமான ஆறாம் வருஷம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். எங்களுக்குக் குழந்தை இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் தம்பி வந்தார். "கெளம்புக்கா, வூட்டுக்குப் போவலாம்" என்றார். வேறொரு பேச்சும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். தம்பிக்கு வாய்த்த மனைவியும் வந்த நாள் முதல் "அண்ணி, அண்ணி" என்று என்னைத் தாங்குகிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலும் எனக்குத் தெரியாமல் சுளித்திருக்கிறாள், அதுவும் மரியாதைதான்.

தம்பி ஒரு பழைய கட்டுப்பெட்டி. நான் குறையாகச் சொல்லவில்லை, அவரே மார் தட்டிச் சொல்லிக்கொள்வார். ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு, பெரியவர்களைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது. இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். "வூட்டுல இருக்கறவங்களுக்கு மொதல்ல வூடுதான் கவர்ன்மென்ட். அப்பறந்தான் கோட்டையில இருக்கறது" என்பார். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே பேச்சுதான். "குடும்பத்தைக் கெடுக்கற சாராயக் கடையத் தொறந்து வச்சுகிட்டு, குடும்பத்துக்கு உதவி செய்யறோம்னா எப்படிங்க?" என்று கிராம சபையில் எழுந்து கேட்டார். மேடையில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு வந்தபோதும் முணுமுணுத்தார். "புள்ளைக்குக் காலைச் சோறு தாயி கையால கெடைக்கணும். அதுக்குக்கூட நேரமில்லாம அவ வேலைக்கு ஓடுறாளே, அதையில்ல சரி பண்ணணும்?" என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, அதே பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு கூடை கத்திரிக்காயைக் கொண்டுபோய் இறக்குவார். கேட்டால், "திட்டத்தோடதாங்க சண்டை, புள்ளைங்களோட என்ன சண்டை?" என்பார்.

பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வந்ததும் பெரிய கூத்து நடந்தது. என்னையும் தன் மனைவியையும் செந்துறைக்கு ஒரு விசேஷத்துக்கு அழைத்துப் போகும்போது கண்டக்டரிடம், "எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு நான்தாங்க டிக்கெட் எடுப்பேன்" என்று கையை நீட்டினார்.

"அதெல்லாம் முடியாதுங்க. மிஷின்லயே வராதுங்க" என்றார் கண்டக்டர்.

"வர வைங்க."

"அய்யா, எனக்கு வேலை போயிடும்."

வேலை போய்விடும் என்றதும் தம்பி கையை மடக்கிக்கொண்டார். ஒருவர் பிழைப்பைக் கெடுக்கிற கொள்கை அவரிடம் கிடையாது. ஆனால் இறங்கும்வரை எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்ற சட்டமும் அவருக்கு ஆகாது. "அண்ணன் தங்கச்சிய கோர்ட்டு வாசல்ல நிறுத்துற சட்டம்" என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் வீட்டுச் சோறு என் வாயில் இருக்கும்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. கேட்பதற்கு முன்பே சேலை வரும், மாத்திரை வரும். ஆனால் தம்பி பேத்திக்கு நானாக ஒரு கொலுசு போட வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்குத் தம்பியிடமே வாங்கித் தம்பி பேத்திக்கே போட வேண்டும். அது எப்படி என் கொலுசாகும்? இந்த வயதில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று மனசு அரித்தது. யாரிடமும் சொல்லாமல், அவர் திட்டுகிற அதே பஸ்ஸில் ஏறிப் பெரம்பலூர் போய், அரசு கொடுக்கும் விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். சின்ன வயதுப் பெண், தன்மையாகப் பேசினார். தம்பி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பிறகுதான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். 'ஆதரவற்ற விதவை' என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, இது யாரைச் சொல்லுது?"

"உங்க அக்காவைத்தாங்க அய்யா. அது கவர்ன்மென்ட் வச்ச பேருங்க, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்."

"நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன். எங்கக்கா எப்படிம்மா ஆதரவத்தவங்களாவாங்க?"

அதோடு விட்டாரா? அந்தப் பெண்ணைக் கையோடு அழைத்துப்போய் என் கட்டில், என் மின்விசிறி, என் மாத்திரை டப்பா, என் சேலைகள் இருக்கும் பீரோ எல்லாவற்றையும் காட்டினார். மனைவி, பிள்ளைகள், பேத்தி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "இத்தனை ஆதரவு இருக்கு, எழுதிக்கம்மா" என்றார். அந்தப் பெண் என்ன செய்வார்? பார்த்ததை எழுதிக்கொண்டு போனார். என் மனு தள்ளுபடியாகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! அன்று முதல் தம்பியோடு பேச்சை நிறுத்தினேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். "ஓன் வூட்டுக்காரருக்கு மோரு வேணுமான்னு கேளும்மா" என்பேன் தம்பி மனைவியிடம். "வேணும்னு ஒங்க அண்ணிகிட்ட சொல்லு" என்பார் அவர். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் மோர்ச் சட்டியை நங்கென்று வைத்தாள். "அக்காளும் தம்பியும் ஒரசிகிட்டு ஒக்காந்துட்டு, என்னைய எதுக்குப் போஸ்ட்மேன் ஆக்குறீங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் களத்தில் வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தபோது அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். "நான் ஒனக்கு என்னக்கா கொறை வச்சேன்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு கொறையும் வக்கலடா. எனக்கு நீ இருக்கேன்னு ஊருக்கே சொல்லிட்ட, சந்தோசம். எனக்குன்னு என்னா இருக்குன்னு நீ ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்தியா?"

சொல்லி முடிக்கும்போதே அழுதுவிட்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட விருப்பமில்லை, அழுகைதான். அன்று மிச்சமிருந்த வெங்காயம் முழுவதையும் தம்பியே அரிந்தார்.

நான்காம் நாள் காலையில், "அக்கா, நல்ல சேலையா கட்டிக்க, டவுனுக்குப் போறோம்" என்றார். போய் நின்ற இடம் பத்திரம் எழுதுபவரின் கடை. கிணற்றோரம் இருக்கும் ஒரு காணியை என் பெயருக்கு எழுத வேண்டும் என்றார் தம்பி. எனக்குப் பேச்சே வரவில்லை. மூன்று காணியில் அதுதான் தண்ணீர் பாயும் காணி.

"தான செட்டில்மென்ட்டாப் போட்டுடலாமாங்க?" என்று கேட்டார் பத்திரக்காரர்.

போன பேச்சு எனக்குத் திரும்பி வந்துவிட்டது. "தானமா? நான் அந்த வூட்டுல பொறந்தவங்க. கோயில் வாசல்ல கையேந்தினவ இல்ல."

"அப்ப பாகப்பிரிவினைன்னு போடுவோம்."

தம்பி எழுந்தேவிட்டார். "எங்களுக்குள்ள ஏதுங்க பிரிவினை? அந்த வார்த்தைய எடுங்க."

"சரிங்க, உங்க உரிமைய விட்டுக்குடுத்து அவங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுங்க."

"விடுதலையா? எங்கக்காவ யாருங்க கட்டி வச்சிருந்தா?"

பத்திரக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அய்யா, எனக்குத் தெரிஞ்சு மூணு பேருதான் இருக்கு. நாலாவது வேணும்னா சட்டசபைக்குப் போயி வாங்கிட்டு வாங்க, நான் கடையத் தொறந்துதான் வச்சிருப்பேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான்தான் முடிவு சொன்னேன். "பிரிவினைன்னே போடுங்க. பேரு காயிதத்துல கெடக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுக்குத்தான் போவப் போறோம்."

பதிவு முடிந்து வெளியே வந்ததும் தம்பி, "சட்டம் சொல்லுச்சுன்னு எழுதலக்கா. நீ கேட்ட, அதனால எழுதினேன். யாருகிட்டயும் மாத்திச் சொல்லிடாத" என்றார். மாற்றிச் சொல்லவில்லை, தம்பி. அப்படியே அச்சில் போட்டுவிட்டேன். ஆனால் எல்லா அக்காவுக்கும் இப்படி ஒரு தம்பி வாய்ப்பதில்லை, அதனால் சட்டமும் இருக்கட்டும் என்பது என் கட்சி. இதில் கடைசிவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் என் காணியின் வரப்பில் வந்து நின்று, "மொதலாளியம்மா, இன்னைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்பார். நானும் விடாமல் வேலை சொல்வேன். பேத்தி காலில் என் கொலுசு ஏறியபோது, ஊரில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான்.

நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சில நாள் இருந்தார். அங்கேயும் நர்ஸிடம், "அம்மா அப்பாவ நல்லாப் பாத்துக்கறியாம்மா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, எல்லோரும் கூடி இருக்கும்போதே, நோவில்லாமல் கண்ணை மூடினார். அவருக்குப் பிடித்த மாதிரிதான் போனார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பாடை கட்டியது முதல் பால் தெளித்ததுவரை கூட நின்ற பங்காளிகளுக்கும், செந்துறையிலிருந்து வந்த உறவுகளுக்கும், இத்தனை வருஷம் கழித்தும் மறக்காமல் வந்து நின்ற என் விக்கிரமங்கலத்துப் புகுந்த வீட்டாருக்கும் நன்றி.

இன்று பந்தியில் உங்கள் இலையில் விழும் சாம்பார் வெங்காயமும் கத்திரிக்காயும் என் காணியில் விளைந்தவை. வாழ்நாள் முழுக்க என் தம்பி போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். இன்றைக்கு அவர் பேரில் நான் சோறு போடுகிறேன். கூச்சப்படாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.