விரிசலூரில் ஒரு தெரு

சேதராப்பட்டிலிருந்து டவுனுக்கு வரும் மாலை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காருவார் அந்த வாட்ச்மேன். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. பஸ் ஓடும்போது பேனாவைத் திறக்க மாட்டார். சிக்னலில் நின்றால்தான் வரைவார்; கோடு கோணிவிடக் கூடாதாம்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கடல் நடுவே ஒரு தீவு.

"எந்த ஊருண்ணே இது?"

"எம் பொண்ணு சின்ன வயசுல அவளா போட்ட நாடு சார். அங்க எல்லாருக்கும் பானை செய்யறதுதான் வேல. வடக்க களித்துறை, படகுல மண்ணு வந்து எறங்கும். நடுவுல சூளைமலை, பொகஞ்சிகினே இருக்கும். தெக்க விரிசலூர். கீறல் விட்ட பானையெல்லாம் அங்க குடி போயிடும். பானைய ஒடைக்கறது மட்டும் அந்த நாட்டுல குத்தம்."

"பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?"

"போன வருசம் காய்ச்சல்ல போயிட்டா."

கொள்ளி வைத்தது அவர்தான். தோளில் தண்ணீர்க் குடத்தோடு சிதையை மூன்று சுற்று வந்திருக்கிறார். சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள். கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கச் சொன்னபோது, மெல்ல இறக்கி வைத்துவிட்டார். அதை வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருவதில்லை.

"அவ சட்டத்த நானே மீறலாமா சார்? மூணு ஓட்டையோட அது போய்ச் சேர விரிசலூர்ல ஒரு தெரு போட்டுகினு இருக்கேன்."

பஸ் சிக்னலில் நின்றது. அவர் குனிந்து வரையத் தொடங்கினார். பச்சை விழுந்துவிடக் கூடாதே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன்.