ஆலம்பரையில் நான் அம்மாவாக நடித்தது

சனிக்கிழமை காலை ஆறே கால். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ் புறப்பட்டபோது என் பக்கத்தில் எலியா உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் பாதிப் பேர் அவனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். எலியா டான்சானியாக்காரன், பார்மசி கடைசி வருஷம் படிக்கிறான். ஒன்பது மாதமாக எங்கள் மாடி அறையில் குடியிருக்கிறான். நான் கணக்கு டீச்சர், அவனுக்கு வீட்டு ஓனரம்மா. உளவு பார்க்கத்தான் கூடப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். லீவு நாட்களில் எலியா பாட்டு வீடியோக்களில் தலைகாட்டுவான். போன மாதம் வந்த ஒன்றில் கழுத்தில் தடித்த சங்கிலி போட்டுக்கொண்டு, காலேஜ் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பொட்டலம் விற்கிறான். எதிர்வீட்டார் அதை என் வீட்டுக்காரருக்குப் போனில் அனுப்பிவைத்தார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? இவர் நம்பிவிட்டார். "பதினோரு மாசம் முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிடு. புது அக்ரிமென்ட்டெல்லாம் வேணாம்" என்றார். எலியாவுக்குக் கடைசிப் பரீட்சை ஏழு மாதம் கழித்து. எங்கள் அறை கிடைப்பதற்குள் பதினாலு வீட்டுப் படி ஏறி இறங்கியவன் அவன். நேரில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் தவணை வாங்கினேன். அடுத்த ஷூட்டிங்குக்கு நானும் வரட்டுமா என்று எலியாவிடம் கேட்டேன். "வாங்க ஆன்ட்டி, சாப்பாடு நல்லா இருக்கும்" என்று தமிழிலேயே சொன்னான்.

திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். ஏழே காலுக்கு மாமல்லபுரத்தில் இறங்கினோம். வேனோடு பாபு காத்திருந்தார். ஷூட்டிங்குகளுக்கு வெளிநாட்டு முகங்களைப் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வண்டியும் அவரே ஓட்டுகிறார். அவருடைய போனில் அன்றைக்கு வந்த ஆர்டரைக் காட்டினார். 'வெள்ளை 1, கருப்பு 1' என்று இருந்தது. காய்கறிச் சீட்டு கூட இதைவிட விவரமாக எழுதுவோம்.

வெள்ளை ஒன்று ஏற்கெனவே வேனில் இருந்தாள். போலந்துக்காரி, நாற்பது வயது இருக்கும். ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளாம். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரைக்கும் பாபு ஓவர்டேக் எடுக்கும்போதெல்லாம் அவள் காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தாள்.

கூவத்தூரில் டீ, பன்னிரண்டு ரூபாய். பாபுவிடம் என் சந்தேகங்களைக் கேட்க ஆரம்பித்தேன். யாருக்கு என்ன வேஷம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

"முடிவு பண்றதுக்கு இன்னா கீது மேடம்? எந்தப் பாட்டா இருந்தாலும் ஒரே கணக்குதான். வெள்ளக்காரின்னா பாட்டில தூக்கினு ஆடணும். கருப்புன்னா பவுடர் விக்கணும். இல்லாங்காட்டி ஹீரோகிட்ட ஒத வாங்கணும்."

"இவன் மருந்துக்குப் படிக்கிறவன். ஒரு டாக்டரா வந்து போனா என்ன?"

"டாக்டருக்கு இன்னாத்துக்கு மேடம் இவன இம்மாந்தூரம் இட்டாரணும்?" என்றார் பாபு. எலியாதான் முதலில் சிரித்தான்.

ஒன்பது மணிக்குக் கடப்பாக்கம். மாமல்லபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்த மதில், அதை ஒட்டிக் கழிமுகம், அதற்கும் அப்பால் கடல். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், காற்றுக்காகவாவது.

மதிலடியில் கதாநாயகியின் கைக்கும் கழுத்துக்கும் கருப்பு மை தடவிக்கொண்டிருந்தார்கள். நல்ல சிவப்பான பெண், மீனவப் பெண்ணாக நடிக்கிறாளாம். அவளுக்குப் பின்னால் ஆடுவதற்கு இயல்பாகவே கருத்த பெண்கள் ஆறு பேர் நின்றார்கள். கூடையை இடுப்பில் வைத்து அவள் ஆடியதை, மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இந்த ஆட்டம் ஆடுனா கூடைல மீனு நிக்குமா?" என்றார். "எம்பொண்ணு சிறுசேரி ஐடி கம்பெனிக்கு பஸ்ல போய்கினு கீது. அத்த ஏன் பாட்டுல வைக்க மாட்றாங்க?"

எலியா தடித்த சங்கிலியோடு நிழலில் உட்கார்ந்து பரீட்சை நோட்ஸ் படித்துக்கொண்டிருந்தான். சங்கிலியைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக்.

பதினோரு மணிக்கு டைரக்டர் என்னிடம் வந்தார். மரியாதையான பையன். கதாநாயகிக்கு அம்மா வேஷத்துக்கு வரவேண்டியவர் வரவில்லையாம். "மேடம், நீங்க அப்படியே அம்மா மாதிரி இருக்கீங்க. ரெண்டே ஷாட்" என்றார். ஆசை யாரை விட்டது? சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வசனம் உண்டா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அம்மாவுக்கு அழுகை மட்டும்தான்."

இருபத்தாறு வருஷமாக ஊரார் பிள்ளைகளை அழவைத்தே பழகியவள் நான். ஏழு டேக் ஆனது. கடைசியில் பாபு வெங்காயம் வாங்கி வந்தார்.

இரண்டாவது ஷாட் இப்படி: எதிரே எலியா நடந்து வருவான். நான் அவனைப் பார்த்ததும் திடுக்கிட்டு, மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். எலியா வந்தான். நான் செய்தேன். முதல் டேக்கிலேயே ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள்.

"எப்படி மேடம் இவ்ளோ நேச்சுரலா பண்ணீங்க?" என்று டைரக்டர் கேட்டார். பூரித்துப் போனேன்.

சாப்பிடும்போது எலியா மெதுவாகச் சொன்னான். "ஆன்ட்டி, ரூம் பாக்க வந்த அன்னைக்கும் இப்படித்தான் கை வச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல மழை. குடையும் கையில் விலாசச் சீட்டுமாக அவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். நான் ஓர் அடி பின்னால் போய், கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறேன். இலையில் மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, இலையை மடித்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்புறமும் ஏம்ப்பா எங்க வீட்டுக்கே வந்தே?"

"நீங்க கேட்டைத் தொறந்தீங்க ஆன்ட்டி. மத்த வூட்ல தொறக்கவே இல்ல."

நான்கு மணிக்குக் கடப்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். பாட்டிலோடு ஆடிய களைப்பில் போலந்துக்காரி தூங்கிப்போனாள். சாயம் பூசிய பெண்ணையும் பாட்டிலோடு ஆடியவளையும் காலையிலிருந்து நான் கேலியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆர்டர் எழுதுகிறவர்களுக்கு நான் என்ன குறைச்சல் என்று பாலாறு வரும்வரைக்கும் யோசித்தேன்.

ஏழு மணிக்கு வீடு. எலியா மாடிக்குப் போனான். வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டு, "பாத்தியா? ஆளு எப்படி?" என்றார்.

"அவன் நடிக்கிறான்ங்க. நான்தான் நடிக்கல" என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். கழுத்தில் கை வைத்ததையும் விடவில்லை.

"அந்த வீடியோவையும் எதிர்வூட்டுக்காரன் எனக்கு அனுப்புவானே" என்றார்.

"அனுப்பட்டும். என்னையும் சேர்த்துத்தான் காலி பண்ணச் சொல்லணும்."

"அன்னைக்கு நானுந்தானே வூட்ல இருந்தேன். நான் ஒண்ணும் பண்ணலையே?"

"கூப்பிட்டேனே, வந்தீங்களா? கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டீங்க."

பீரோவில் எழுதி வைத்திருந்த புது அக்ரிமென்ட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார்.