பண்டிகைக்கு ஒரு பாட்டில்

என் தலைதீபாவளி அன்று நான் வாய் திறந்து பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன். அடுத்த ஆறேழு வருடங்கள் அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தன.

பாண்டிச்சேரியில் என் அப்பா ஒரு ஒயின் ஷாப்பில் வேலை பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் எங்கள் குடித்தனம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள்தான் கடைக்கு முக்கியமான வாடிக்கை. அப்பாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை போனவள். பெட்டி வந்து இறங்கியதும் லேபிளை வாசித்து, துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கட்டுவேன். எது கறிக்கு, எது மீனுக்கு, எது கிறிஸ்துமஸ் கேக்கோடு குடிக்கிற தித்திப்பு என்றெல்லாம் சொல்தாக்கள் கடை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தெரிந்துபோனது. பீரில் வெயில் பட்டால் நாறும். ஒயின் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் தக்கை காய்ந்து, காற்று புகுந்து, உள்ளே இருப்பது புளித்துக் காடியாகிவிடும். ஒரு வாய் குடித்ததில்லை. மூக்குக்குத் தெரியும், அவ்வளவுதான்.

என் கணவர் விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். தலைதீபாவளிக்குப் பாண்டிச்சேரி போயிருந்தபோது, மாப்பிள்ளைக்கென்று அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு வெள்ளை ஒயினைத் திறக்கப் போனார். நான் கறிக்குழம்புச் சட்டியோடு சமையலறையிலிருந்து வந்தவள், யோசிக்காமல் சொன்னேன்.

"அப்பா, அது மீனுக்குப் போவும். கறிக்கு அந்தச் சிவப்ப எடுங்க."

என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் என்று நினைத்துப் பயந்தேன். கோபமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். "கோடையில இன்னா குடிப்பாங்க? மழைக்காலத்துல? நியூ இயருக்கு?" நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கல்யாணமாகி அவர் என்னிடம் அத்தனை கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். வளவனூர் தாண்டும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவருடைய மேலதிகாரி திண்டிவனத்தில் இருந்தார். டெல்லிக்கு ஏதோ டிரெயினிங் போனபோது அங்கே ஒயின் குடித்துப் பழகி, அதிலிருந்து பிராந்தி எல்லாம் கூலிக்காரன் சரக்கு என்று பேசுகிறவர். புரட்டாசி மாதம் முழுக்க நெற்றியில் நாமம், வீட்டில் முட்டைகூட வராது. ஐப்பசி பிறந்த அன்றைக்கு அவருக்குப் பீர் வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கை எடுத்துவிட்டதால் விழுப்புரம் பக்கமும் கடைகள் திறந்துதான் இருந்தன. ஆனாலும் பாண்டிச்சேரி பாட்டிலுக்கு இருந்த மதிப்பே வேறு.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் என் கணவர் ஆரம்பித்தார்.

"சார் வூட்டுக்கு மெட்ராஸ்லருந்து கெஸ்ட் வர்றாங்களாம். நல்ல ஒயினா கேக்குறாரு. நீ வந்து எடுத்துக் குடு."

"நான் எப்படிங்க கடையில போய் நிக்கிறது?"

"உங்க அப்பா இருக்குற கடைதான? தாய்வூட்டுக்குப் போய்க்கினு வர்ற மாதிரி போய்க்கினு வந்துடலாம்."

போனோம். எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி குடித்துவிட்டு, "யாருய்யா இத செலக்ட் பண்ணது?" என்று கேட்டாராம். "நான்தான் சார்" என்று என் கணவர் சொன்னாராம். இதை அவரே வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "உன்னச் சொன்னா நல்லாவா இருக்கும்? பொண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியும்னா இன்னா நெனப்பாங்க?" என்றார்.

அதற்குப் பிறகு என் வருடத்தைப் பண்டிகைகள் பங்கு போட்டுக்கொண்டன. பொங்கல் முடிந்து காணும் பொங்கலுக்குப் பீர். சித்திரையில் அதிகாரி குடும்பம் ஏற்காட்டுக்குப் போகும்போது லேசான வெள்ளை ஒயின். தீபாவளிக்குச் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் ஒயர் கூடையில் பாட்டில்களைப் பழைய புடவையில் சுற்றி வைத்து, மேலே முருங்கைக்கீரையோ வாழையிலையோ போட்டு என் காலடியில் வைத்துக்கொண்டு வருவேன். அந்த வழியில் பாண்டிச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வரும். பெர்மிட் இல்லாமல் கொண்டுவந்தால் பிடிப்பார்கள். பொம்பளை கூடையைத் தொட மாட்டார்கள் என்பது என் கணவர் கணக்கு. அவர் ஆண்கள் பக்கத்தில், வெறுங்கையோடு உட்கார்ந்து வருவார்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள். பஸ் கூரை முழுக்கக் கரும்புக்கட்டு. உள்ளே நிற்க இடமில்லை. எனக்கு மட்டும் ஜன்னல் பக்கம் சீட்டு கிடைத்தது. வளவனூருக்கு முன்னால் போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு பெண் போலீசும் ஏறினார்கள். பெண் போலீஸை நான் அந்த வழியில் அதற்கு முன் பார்த்ததில்லை. நேராக வந்து குனிந்து இலையை விலக்கினாள்.

"இந்தக் கூடை யாருது?"

மூன்று சீட்டு முன்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அது நிச்சயம். பிறகு அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொங்கலுக்காக அன்று காலையில்தான் முடி வெட்டியிருந்தார். பிடரியில் பவுடர் திட்டாக இருந்தது.

"என்னுதுங்க" என்றேன்.

"கூட யாரு வந்தது?"

அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"யாரும் வரலைங்க."

என்னை இறக்கினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அவர் இறங்குவார் என்று அந்தக் கடைசி நொடிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஸ்டாப்பிலாவது இறங்கி நடந்து வருவார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

புளியமரத்தடியில் பாட்டில்களை வரிசையாக வைத்து எண்ணினார்கள். ஆறு பீர், இரண்டு ஒயின். வயலுக்குப் போகிறவர்களும் வண்டிக்காரர்களும் நின்று பார்த்தார்கள். பெண் போலீஸ் கேட்டாள்: "பாத்தா குடும்பப் பொண்ணா இருக்க. இன்னாத்துக்கும்மா இந்தப் பொழப்பு? யாருக்கு எடுத்துக்கினு போற?"

"எனக்குத்தாங்க. நான்தான் குடிப்பேன்."

கான்ஸ்டபிள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "குடிக்கிற மூஞ்சியப் பாரு."

புருஷன் பெயர் கேட்டபோது செத்துப்போன என் பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். பண்டிகை நாள், முதல் தடவை என்று பாட்டில்களைப் பறித்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். காலிக் கூடையோடு அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எம் பேரச் சொன்னியா?"

"இல்ல."

பெருமூச்சு விட்டார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் கவர்மெண்ட் ஸ்டாஃப். மாட்டினா சஸ்பெண்ட். அப்புறம் ரெண்டு பேருந்தான தெருவுல நிக்கணும்? நீயே யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். மாட்டுப்பொங்கல் அன்று மாமியார் காதுக்குச் செய்தி எட்டிவிட்டது. கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"பாட்டில் கடத்தி போலீஸ்ல மாட்டிக்கினியாமே? அப்பன் வூட்டுப் புத்தி எங்க போவும்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இலையில் சாம்பாருக்குச் சோற்றால் அணை கட்டிக்கொண்டிருந்தார். "வுடும்மா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டு வளைகாப்புக்கும் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. மாமியாரை அழைக்கும்போது "எல்லாரும் வாங்க" என்பார்கள்.

அந்த வருடம் முழுக்க நான் பாண்டிச்சேரி கடைப்பக்கம் போக மறுத்துவிட்டேன். அவர் திண்டிவனத்துக்கு விழுப்புரத்துச் சரக்கை வாங்கிப்போய்ச் சமாளித்தார். வருடக் கடைசியில் புரமோஷன் பட்டியல் தயாரானது. புத்தாண்டு அன்று மத்தியானம் அதிகாரி வீட்டில் விருந்து, குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஒரு வாட்டி. இனிமே கேக்கவே மாட்டேன். பாண்டியிலருந்து நேரா திண்டிவனம் பஸ் ஏறிடு, அந்த ரூட்ல செக்கிங் கம்மி. நான் அங்கயே நிக்கிறேன்."

"சரி. தனியாவே போறேன்" என்றேன்.

புத்தாண்டு அன்று காலையில் நான் போனபோது அப்பா கடையைத் திறந்துகொண்டிருந்தார். நான் உள்ளே போய், தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் பல வருடமாக அழகுக்கு நிறுத்தி வைத்திருந்த இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்களை எடுத்தேன். தினமும் பிற்பகல் வெயில் அவற்றின் மேல்தான் விழும்.

அப்பா அருகில் வந்தார். "கண்ணு, அது காடியாப் போயிருக்கும்."

"தெரியும்பா. அதுதான் வேணும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். போலீஸ் விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. அதுவரை என்னிடம் கேட்டதில்லை.

"அன்னிக்கு மாப்ள எங்க இருந்தாரு?"

"அதே பஸ்லதான்பா."

அப்பா துணியை எடுத்து இரண்டு பாட்டிலையும் தூசி போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் அதிகாரி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குச் சமையலறையில் வேலை. நான் வறுவல் தட்டோடு கதவருகே நின்றேன். என் கணவரே தக்கையைத் திருகி எடுத்தார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் நின்ற இடம் வரைக்கும் காடி வாசனை வந்தது. ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. இப்போது அதிகாரி துப்புவார், இப்போது கத்துவார், இத்தனை பேர் முன்னால் என் கணவர் தலைகுனிந்து நிற்பார். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்கு அன்றைக்கு ஜன்னலும் கிடையாது.

அதிகாரி கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"இதான்யா ஒயின்" என்றார். "வயசான ஒயின். நாக்குல சுள்ளுன்னு பிடிக்குது பாரு. இதுவரைக்கும் நீ கொண்டாந்ததுலயே இதான் டாப்பு."

மற்றவர்களும் குடித்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். அதிகாரி பார்ப்பதைக் கண்டதும் சுளித்ததைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார். "ஃபாரின் டேஸ்ட் சார்" என்றார் இன்னொருவர். என் கணவர் பூரித்துப்போய், இந்தப் பாட்டிலை எப்படித் தேடிப் பிடித்தார் என்று ஒரு கதை சொன்னார்.

நான் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருடமும் வெயில் படாமல், ஆடாமல், கறிக்கு எது, கேக்குக்கு எது என்று பார்த்துப் பார்த்து நான் பொறுக்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் இவர்கள் இப்படித்தான் குடித்திருக்கிறார்கள். கீரைக்கட்டை மேலே போட்டு நான் சுமந்த ஒரு பாட்டிலின் ருசிகூட ஒருவர் நாக்கிலும் ஏறியதில்லை.

புரமோஷன் கிடைத்தது. திண்டிவனத்துக்கே மாற்றல். அங்கே வீடு பார்த்துக் குடிபோனோம். என் கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. ஒயின் தேர்ந்தெடுப்பதில் தன் நாக்கை மிஞ்ச ஆளில்லை என்று உண்மையாகவே நம்பத் தொடங்கியிருந்தார். ஆபீசில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவரைத்தான் கேட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அப்பா இறந்தார். காரியம் முடிந்த அன்று கடை முதலாளி என்னைத் தேடி வந்தார். வயதானவர், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"உங்கப்பா மாதிரி ஆளு எனக்குக் கிடைக்க மாட்டாங்கம்மா. நீ எழுதிக் கட்டுன சீட்டப் பாத்துதான் அவரும் ஓட்டுனாரு, இனிமே லேபிளு படிச்சு, எதை எங்க வைக்கணும்னு சொல்ல ஆளில்ல. வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போனாப் போதும். பின்னாடி ரூம்ல உக்காந்து செய்யலாம். சம்பளம் தர்றேன்."

எனக்கு அன்று முப்பது வயதுகூட இல்லை. உனக்கு ஒன்று தெரியும், அது எனக்கு வேண்டும் என்று என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறேன் என்றேன்.

திண்டிவனம் பஸ்ஸில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒயின் ஷாப்புல பொம்பளைக்கு வேலையா? நாலு பேரு கேட்டா இன்னா சொல்லுவாங்க? நம்ம குடும்ப மானம் இன்னாத்துக்கு ஆவுறது?"

அவர் நடிக்கவில்லை. அவர் முகத்தில் உண்மையான பதற்றம் இருந்தது. சொல்லவேண்டியது அத்தனையும் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் யாருடைய குழந்தையோ என் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

முதலாளிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். வீட்டில் சௌகரியப்படவில்லை, மன்னிக்கவும் என்று. அவர் பிறகு ஒரு சொல்தா மகனை வேலைக்கு வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.